அச்சம் அகற்றப்பட்டவர்கள்

நாற்காலி விழுந்த அந்தக் கணத்தில் ஜெசிந்தாவின் விரல்கள் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டன.

நடந்திருக்கக் கூடாத காரியம் அது. பதினோரு வருடமாக அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை விண்பயண மையத்தின் மருத்துவப் பிரிவில் கண்ணைக் கட்டி அதில் உட்கார வைப்பார்கள். சாப்பாடு என்ன, மகள் என்ன படிக்கிறாள் என்று பேச்சுக் கொடுப்பார்கள். பேச்சின் நடுவே சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலி ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே விழும். அடியில் மெத்தை இருப்பதால் காயம் படாது. ஆனால் சாதாரண மனிதர்கள் அலறிவிடுவார்கள். ஒரு வருடச் சோதனையில் ஜெசிந்தா விழுந்துகொண்டிருக்கும்போதே கொட்டாவி விட்டாள். அந்தக் காட்சியை மையம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போட்டுக் காட்டியது.

இந்தமுறை கை இறுகியது. நாக்கு வறண்டது. அதற்குப் பெயர் என்ன என்பது கண்கட்டை அவிழ்த்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

டாக்டர் ஸ்ரீவத்சன் திரையைப் பார்த்துவிட்டு, கை ஏன் அசைந்தது என்று விசாரித்தார். முழங்கையில் அரித்தது, சொறியப் போனேன் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ‘தகுதி உண்டு’ என்று பதிவுசெய்தார். தன் கண்டுபிடிப்பின் மீது அவருக்கு அப்படியொரு நம்பிக்கை.

அந்தக் கண்டுபிடிப்பு பிறந்தது ஒரு விபத்தில். மையம் மனிதர்களை மேலே அனுப்பத் தொடங்கிய காலம் அது. பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த கலம் ஒன்றில் சின்னதாக ஒரு மின்கோளாறு. விளக்கு அணைந்தது. உள்ளே இருந்த இருவரில் ஒருவர், பல வருடம் போர்விமானம் ஓட்டியவர், இருட்டில் அடைபட்டதும் பீதி தலைக்கேறி, திறக்கக் கூடாத கதவைத் திறந்துவிட்டார். இருவருமே போய்விட்டார்கள். விளக்கு அப்புறம் தானாகவே எரிந்ததுதான் கொடுமை. இயந்திரத்தில் பெரிய குறை இல்லை, குறை மனிதனிடம்தான் என்று விசாரணைக் குழு எழுதியது. அந்தக் குறையை எடுத்துவிட முடியும் என்று முன்னால் வந்து நின்றவர்தான் ஸ்ரீவத்சன்.

ஜெசிந்தா மச்சாது அப்போது கடலோரக் காவல் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிக்காரி. முப்பத்திரண்டு வயது. கணவன் ஹெர்மன் துறைமுகத்தில் பெரிய கப்பல்களை உள்ளே இழுத்துவரும் இழுவைப்படகின் ஓட்டுநர். எட்டு வயதில் ஒரு மகள், லினெட். ஆயிரக்கணக்கானோரில் தேர்வாகிக் கடைசி அறுவரில் ஒருத்தியாக அவள் மையத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஸ்ரீவத்சன் அவளையும் ஹெர்மனையும் உட்கார வைத்து விளக்கினார்.

“மூளையில பாதாம்பருப்பு அளவுக்கு ரெண்டு இடம் இருக்கும்மா. பயம் அங்கேருந்துதான் கிளம்புது. கத்தியெல்லாம் வைக்க மாட்டோம். காதுக்குக் கேட்காத ஒலியை வெளியிலேருந்தே அங்க குவிச்சு, அதைத் தூங்க வச்சிடுவோம். ஆபத்து வந்தா உங்களுக்கு நல்லாவே தெரியும். உடம்பு நடுங்காது, அவ்வளவுதான்.”

அந்த இடம் திரும்ப விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். விழிக்காது என்றார்.

ஹெர்மன் அங்கே வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து தேநீர் குடிக்கும்போதுதான் கேட்டான். “நல்ல மழையில பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கிடக்குன்னு வையி. யாரு பயப்படுவா?”

“நீங்க இருக்கியள்ல. ரெண்டு பேருக்கும் சேத்து நீங்க பயப்படுங்க” என்று சிரித்தாள் ஜெசிந்தா.

அந்தச் சிரிப்பைத்தான் ஹெர்மன் பிற்பாடு அடிக்கடி நினைத்துக்கொண்டான்.

சிகிச்சை ஒரு பகல் பொழுதில் முடிந்தது. அடுத்த ஆண்டு முதல் பயணம். கலம் விண்வெளி நிலையத்தோடு இணையப் போகும் நேரத்தில் கணினி நின்றுபோனது. ஜெசிந்தா கலத்தை ஓட்டும் கைப்பிடியைத் தன் கையில் எடுத்து, ஏதோ வண்டியைச் சந்துக்குள் நிறுத்துகிறவளைப் போல நிதானமாகக் கொண்டுபோய் இணைத்தாள். அந்த நேரத்து அவள் குரலைத் தொலைக்காட்சிகள் மாதக்கணக்கில் ஒலிபரப்பின. இரண்டாவது பயணத்தில் நிலவைச் சுற்றிவிட்டு வந்தாள். தபால்தலை வந்தது. ஊரில் ஒரு சாலைக்கு அவள் பெயர் வைத்தார்கள். பயம் அறியாத பெண் என்று பத்திரிகைகள் எழுதின. எழுதியவர்களுக்கு அது புகழ்ச்சி. அவளைப் பொறுத்தவரை அது மருத்துவக் குறிப்பு.

வீட்டில் அந்தக் குறிப்பின் கணக்கு வேறாக இருந்தது. அவள் சாலையைக் கடக்கும் விதத்தைப் பார்த்து ஹெர்மன் அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் பழகினான். கார்ச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். ஒருநாள் சமையலறையில் எரிவாயு கசிந்தது. வாசனை வந்ததை அவள் கவனித்தாள். அது என்னவென்றும் தெரிந்தது. போனில் பேசிக்கொண்டிருந்ததை முடித்துவிட்டுத்தான் போய் மூடினாள்.

அப்புறம் மணப்பாடு கடற்கரை.

லினெட்டுக்கு அப்போது பதினொரு வயது. மூன்று பேரும் போயிருந்தார்கள். ஹெர்மன் சாப்பாடு வாங்கப் போன நேரத்தில் நீரோட்டம் பிள்ளையை இழுத்துக்கொண்டது. கரையில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். ஜெசிந்தா கூச்சல் போடவில்லை. ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம், பாறை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். இங்கே குதித்தால் எட்டாது, தெற்கே அந்தப் பாறை முனைக்குப் போனால் தண்ணீரே பிள்ளையை அங்கே கொண்டுவரும் என்று தெரிந்தது. போனாள். இடுப்பளவு நீரில் இறங்கி நின்றாள். கணக்கு பிசகவில்லை. லினெட் அவள் கைக்கே வந்து சேர்ந்தாள்.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் அங்கேயே குதித்திருப்பாள், இருவரும் போயிருப்பார்கள் என்று ஊரே சொன்னது. அது உண்மையும்கூட. ஆனால் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்த லினெட் கண்ட காட்சி வேறு. கரையில் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அப்பாவோடுதான் எங்கேயும் போகும். அம்மாவிடம் கோபமும் இல்லை, சண்டையும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசும். அதற்காக வருத்தப்பட வேண்டும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

நாற்காலிச் சோதனை முடிந்து ஊருக்கு வந்த வாரம், பட்டப்பகலில், அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தபோது அது வந்தது. மணப்பாடு வந்தது. அதே கடல், அதே பாறை, நீரில் ஒரு கறுப்புத் தலை. எட்டு வருடமாகப் படம் மாதிரி மனதில் கிடந்த காட்சிக்குள் யாரோ திடீரென்று உயிரை ஊற்றியது போல இருந்தது. தலை முங்கியது. எழவில்லை. ஜெசிந்தா கரண்டியைக் கீழே போட்டாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு அடித்த அடியில் மூச்சு விட முடியவில்லை. பிள்ளை செத்துப்போய்விட்டது என்றே உடம்பு நம்பியது.

தட்டுத் தடுமாறிப் போனை எடுத்தாள். லினெட் திருச்சியில் கல்லூரியில் இருந்தாள்.

“லினெட், எங்கட்டி இருக்க? நல்லா இருக்கியா?”

“க்ளாஸ்ல இருக்கேன், வெளிய வாரேன். என்னம்மா? அப்பாவுக்கு ஏதாச்சுமா?”

“மணப்பாட்டுல… நீ தண்ணியில போனல்லா.”

“அது எட்டு வருசம் ஆச்சும்மா.”

“எனக்கு இப்பதான் பயமா இருக்கு.”

மறுமுனையில் யாரோ மாணவர்கள் சிரித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அது அடங்கியதும் லினெட், “இப்பவாம்மா?” என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் விடிந்ததும் பையோடு வாசலில் வந்து நின்றாள். எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு முழுவதும் அம்மா போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனாள். அவள் கை நடுங்குவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஹெர்மனிடம் ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். அடுத்த நிமிடமே பதறினான். மூன்றாவது பயணத்துக்கு ஒரு வருடம்கூட இல்லை. இந்தமுறை நிலவைச் சுற்றுவது அல்ல, இறங்குவது. தலைவி அவள்தான்.

“அப்ப டாக்டர்ட்ட சொல்லிரு. நீ போகவேண்டாம்” என்றான்.

சொன்னால் என்ன ஆகும் என்பதை அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவளை இனிப் பறக்க விடமாட்டார்கள். அவளுக்கு மாற்றாக வேறு ஆளைப் பழக்க இரண்டு மூன்று வருடமாகும். அவளுக்கே பயம் திரும்பியது என்றால் சிகிச்சை எடுத்துக்கொண்ட எல்லோர் மீதும் சந்தேகம் வரும், திட்டமே மூடப்படலாம். இவ்வளவையும் கேட்டுவிட்டு ஹெர்மன், இதெல்லாம் மையத்தின் கவலை, உன் காரணம் என்ன என்றான்.

“ஆசையா இருக்குங்க” என்றாள். “பக்கத்துல போயிட்டு இறங்காம வந்திருக்கேன். பயமாவும் இருக்கு, ஆசையாவும் இருக்கு. ரெண்டையும் வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியல.”

ஹெர்மன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள், மேடையேறும் முன் கைநடுக்கத்துக்காகப் பாடகர்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரை ஒன்றை எங்கேயோ விசாரித்து வாங்கிவந்து மேசைமேல் வைத்தான். அந்த மாத்திரையின் தயவில், பயணத்துக்கு முன் நடந்த சோதனைகளில் ஜெசிந்தாவின் கை அசையவில்லை.

நிலவுப் பயணத்தில் அவளோடு இன்னும் இருவர். அவளோடு இறங்க வேண்டியவன் திருமாறன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவன். முப்பது வயதுகூட ஆகவில்லை. சிகிச்சை முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பயிற்சிக் கூடத்தில் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து சங்கு ஊதும்போதும், பேருந்து நேரம் வாசிக்கிறவனைப் போல எண்களை வாசிப்பான். அவர்கள் இறங்கியிருக்கும்போது மேலே தாய்க்கலத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியவள் ஷமீமா. கீழக்கரைக்காரி. எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருப்பாள். நாற்காலி விழும்போதுகூட அவள் சத்தமாகச் சிரிப்பாள் என்பார்கள். அவர்கள் இருவரையும் பார்க்கப் பார்க்க ஜெசிந்தாவுக்குத் தான் கள்ளச்சீட்டில் ரயில் ஏறியவள் போலத் தோன்றும். அவர்கள் முன்னால் கை நடுங்கிவிடக் கூடாதே என்ற பயம் மற்ற எல்லாப் பயத்தையும்விடப் பெரிதாக இருந்தது.

மையம் செய்த இன்னொரு காரியமும் இங்கே சொல்ல வேண்டியது. முன்பெல்லாம் பயணிகள் மார்பில் இதயத்துடிப்பை அளக்கும் பட்டை கட்டியிருப்பார்கள். பயமே இல்லாதவர்களுக்கு அது எதற்கு என்று எடையைக் குறைக்கும் கணக்கில் அதை எடுத்துவிட்டார்கள்.

போகும் வழியெல்லாம் கோளாறு எதுவும் இல்லை. நிலவைச் சுற்றத் தொடங்கியதும் ஜெசிந்தாவும் திருமாறனும் இறங்குகலத்துக்கு மாறினார்கள். ஷமீமா கதவைச் சாத்துமுன், திரும்பி வரும்போது பசியோடு வாருங்கள் என்றாள்.

இறங்குகலத்தில் இறங்கவும் ஏறவும் ஒரே எரிபொருள் தொட்டிதான். பாதியில் இறங்க வேண்டும், மீதியில் ஏற வேண்டும். உயரத்தை அளக்க இரண்டு கருவிகள்: ஒன்று ஒளியை அனுப்பி அளப்பது, மற்றது ரேடியோ அலையால் அளப்பது. இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. எவ்வளவு வரை பரவாயில்லை என்பதைத் தலைவியின் முடிவுக்கு விட்டிருந்தார்கள். பதற்றமில்லாத தலைவி சரியாக முடிவெடுப்பாள் என்பது மையத்தின் எண்ணம்.

தரை நெருங்க நெருங்க இரண்டு எண்களும் பிரிந்தன.

“வித்தியாசம் அரை மீட்டர், கமாண்டர்” என்றான் திருமாறன். அதே பேருந்துநேரக் குரல்.

“தொடருவோம்.”

“ஒரு மீட்டர்.”

ஜெசிந்தாவின் முதுகில் வியர்வை ஓடியது. கையுறைக்குள் விரல்கள் சில்லிட்டன. வேண்டாம், ஏறிவிடு என்று உடம்பில் ஒவ்வொரு நரம்பும் சொன்னது. ஆனால் காலையில் கதவைச் சாத்தியபோதும் அது அதையேதான் சொன்னது. இயந்திரம் உறுமியபோதும் சொன்னது. ஒன்றுமே இல்லாதபோதும் சொல்கிறது. எது ஆபத்து, எது வெறும் பயம் என்று மற்றவர்கள் பிறந்ததிலிருந்து பழகிப் பழகிப் பிரித்துக்கொள்கிறார்கள். அவளுக்கு அந்தப் பழக்கம் அற்றுப்போயிருந்தது. வருடக்கணக்கில் மரத்துக் கிடந்த காலில் உணர்வு வந்தால் சுடுகிறதா குளிர்கிறதா என்று தெரியாதே, அந்த நிலை.

பக்கத்தில் திருமாறனைப் பார்த்தாள். அசையாமல் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயமில்லாத தெளிவான மூளை அது. உண்மையில் ஆபத்து என்றால் அவன் சொல்லியிருப்பான். அவன் சொல்லவில்லை என்றால் இது அவள் பயம்தான்.

“கொஞ்சம் தள்ளிப்போய்ப் பார்ப்போம்” என்றாள். கலத்தை அந்தரத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் நகர்த்தினாள். கீழே தூசி விசிறியடித்தது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது.

“ஒன்றரை மீட்டர், கமாண்டர். எரிபொருள் பாதியைத் தொடுது.”

பூமியிலிருந்து குரல் வந்தது. முடிவு உங்களுடையது என்றது.

“இரண்டு மீட்டர். எரிபொருள் பாதிக்குக் கீழ.”

அவள் பேசவில்லை. அவனும் அடுத்த எண்ணை வாசிக்கவில்லை. வாசித்திருக்க வேண்டும். கலம் தரைக்கு மேலே தொங்கிக்கொண்டு நின்றது.

“அக்கா” என்றான் திருமாறன்.

பயிற்சிக் காலம் முழுவதும் ஒருமுறைகூட அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்றப் பொத்தானை அழுத்தினாள்.

கலம் உதறிக்கொண்டு மேலே பாய்ந்தது. உடம்பு இருக்கையில் அழுந்தியது. தரை சுருங்கிக்கொண்டே போனது. உயிர் பிழைத்தோம் என்று நினைத்த நேரத்தில் இயந்திரம் நின்றது. தொட்டி காலி. கணினி அவர்கள் போகும் பாதையைத் திரையில் வரைந்து காட்டியது. வில்போல வளைந்த கோடு. நிலவைச் சுற்றவில்லை, மறுபக்கத்தில், பூமி தெரியாத பக்கத்தில், மலைகளுக்கு நடுவே தரையில் போய் முடிந்தது. அரைமணி நேரம்கூட இல்லை.

“பார்த்துட்டேன்” என்றது ஷமீமாவின் குரல். “வர்றேன்.”

“எங்க வருவ? அவ்வளவு கீழ உனக்கு அனுமதி இல்லை.”

“நிலவுக்குப் பின்னால போனா பூமிக்கு நம்ம பேச்சு கேட்காது கமாண்டர். அனுமதி யார்ட்ட கேக்குறது?” அதற்குமேல் அவள் பேசவில்லை.

அவர்கள் நிலவின் மறுபக்கத்துக்குள் போனார்கள். பூமியின் குரல் அறுந்தது. கலத்துக்குள் காற்றைச் சுழற்றும் விசிறியின் சத்தம் மட்டும். திருமாறன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தான். ஏதாவது அடிபட்டதா என்று கேட்டாள் ஜெசிந்தா.

“பயமா இருக்குக்கா” என்றான்.

அவள் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவளுக்கே சந்தேகம்.

“ரொம்ப நாளா இருக்கு. சிகிச்சை முடிஞ்சு ஆறேழு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வந்துருச்சு. சொன்னா அனுப்ப மாட்டாங்கன்னு சொல்லல.” தலை நிமிராமலே பேசினான். “அரை மீட்டர்லயே எனக்கு உயிரு போயிருச்சு. நீங்க பேசாம இருந்தீங்க. உங்களுக்குப் பயமே கிடையாதே, நீங்க பயப்படலைன்னா அது ஆபத்தா இருக்காதுன்னு நெனச்சேன். இது என்னோட பயம் மட்டுந்தான்னு நெனச்சேன்.”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கையுறையைக் கழற்றிக் கையை அவன்முன் நீட்டினாள். அது காற்றில் ஆடும் இலைபோல நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் அந்தக் கையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடியும் கையைப் பார்த்தான்.

“உங்களுக்குமா?”

“உன்னைப் பாத்துத்தாம்ல நானும் பேசாம இருந்தேன்.”

நடுங்கும் கையை அவன் பிடித்துக்கொண்டான். அவன் கை இன்னும் மோசமாக நடுங்கியது. கீழே மலைகள் ஒவ்வொன்றாக உயர்ந்துகொண்டே வந்தன. நிழல்கள் நீண்டன. கற்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது.

அப்போது மேலே, வலப்பக்கத்தில், வெயிலில் மின்னிக்கொண்டு ஷமீமாவின் கலம் வந்தது. போகக் கூடாத எல்லைக்கெல்லாம் கீழே, ஒரு மலைமுகட்டை உரசுவதுபோலத் தாண்டி, நேராக அவர்களை நோக்கி இறங்கியது. இரண்டாம் தடவை முயல நேரமே இல்லை. ஒரே தடவையில் கொண்டுவந்து பொருத்தினாள். “கதவைத் திறங்க, சீக்கிரம்” என்றாள். அவர்கள் உள்ளே விழுந்ததுதான் தாமதம், இயந்திரத்தை முழுவேகத்தில் எரியவிட்டாள். அடுத்த முகடு வயிற்றுக்குக் கீழே கடந்து போனது.

பூமிக்குத் திரும்பும் வழியில் ஜெசிந்தா திருமாறனிடம் சொல்லிவைத்தாள்: தாமதம் என்னால் நேர்ந்தது, விசாரணையில் நான் ஒருத்தி மட்டும் ஒப்புக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே, நீ இன்னும் பல தடவை பறக்க வேண்டியவன். ஷமீமா பக்கத்து இருக்கையில் வேர்க்கடலை தின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விசாரணை மையத்தின் சின்ன அரங்கில் நடந்தது. தலைவர் தாமோதரன் என்ற ஓய்வுபெற்ற விமானி. அவருக்கு இடப்பக்கத்தில் ஸ்ரீவத்சன். இரண்டு எண்கள் பிரிந்ததன் காரணத்தை அதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். ஒளி தூசியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பியது. ரேடியோ அலை தூசிக்குள் புகுந்து அடியிலிருந்த பாறையில் பட்டுத் திரும்பியது. அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே இளகிய தூசி. இறங்கியிருந்தால் கலம் ஒருபக்கமாகப் புதைந்து கவிழ்ந்திருக்கும். ஆகவே ஏறியது சரி. அதைச் சொல்லிவிட்டுத் தாமோதரன், முதல் அறிகுறியிலேயே ஏறாமல் ஏன் இவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

ஜெசிந்தா எழுந்தாள். இந்த ஒரு பதிலோடு இருபது வருட வேலை முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

“பயந்துட்டேன் சார். அந்தப் பயத்தை வெளிய காட்டவும் பயந்துட்டேன்.”

ஸ்ரீவத்சன் அதற்கு வாய்ப்பே இல்லை என்றார். அவள் மாத்திரையின் பெயரைச் சொன்னாள். மீன் பொரித்த அன்றைக்குச் சமையலறையில் நடந்ததைச் சொன்னாள். ஹெர்மன் வாங்கித் தந்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் திருமாறன் எழுந்து நின்றுவிட்டான். அவள் கண்ணால் அடக்கியும் கேட்கவில்லை. தனக்கும் அப்படித்தான் என்றான். அவள் முழுப் பழியையும் ஏற்றுத் தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள், தாமதத்தில் பாதி தன்னுடையது என்றான்.

பதினைந்து வருடத் திட்டம், அதற்காக அனுப்பிய ஆட்கள், இனி அனுப்ப வேண்டிய ஆட்கள், எல்லாம் அந்த ஒரு பேச்சில் தொங்கின. ஸ்ரீவத்சன் தண்ணீர் குடித்தார். பிறகு மெல்ல, ஆனால் விடாமல் பேசினார். இருவரிடம் சிகிச்சை நிலைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அதைச் சரிசெய்யலாம் என்றார். ஆனால் மூன்றாவது ஆளைப் பாருங்கள் என்றார். பூமியோடு பேச்சில்லை. கட்டளையிட ஆளில்லை. தனி ஆளாக, எல்லைக்குக் கீழே, மலைகளுக்கு நடுவே இறங்கி இரண்டு உயிரைத் தூக்கிவந்திருக்கிறாள். பயம் உள்ள மனித உடம்பால் ஆகிற காரியமா அது? இதைவிடச் சிகிச்சைக்கு வேறு சாட்சி வேண்டுமா?

தாமோதரன் ஷமீமாவின் பக்கம் திரும்பி, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

ஷமீமா எழுந்தாள். அன்றைக்கு அவள் கையில் தின்பதற்கு ஒன்றும் இல்லை. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மைக்கை அணைச்சு வச்சிருந்தேன் சார்” என்றாள். “நான் அழுதது அவங்களுக்குக் கேட்டா அவங்களும் உடைஞ்சு போயிடுவாங்கன்னு. இறங்கின நேரம் பூரா பெத்தவளைக் கூப்பிட்டு உம்மா உம்மான்னு கத்திக்கிட்டுத்தான் இறங்கினேன். ஒரு எடத்துல கண்ணே தெரியல. துடைச்சிக்கிட்டு ஓட்டினேன்.”

ஜெசிந்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள். வருடக்கணக்காகப் பக்கத்தில் இருந்து சிரித்த முகம் அது. இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல இருந்தது.

ஸ்ரீவத்சன் எழுந்து நின்றார். கோபம் எதுவும் இல்லை. நோயாளியிடம் பேசும் மருத்துவரின் குரலில், கிட்டத்தட்டக் கெஞ்சுவதுபோல, அவளுக்கு எப்போது அது திரும்பி வந்தது என்று கேட்டார். நாளைச் சொன்னால் போதும், எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடித்துவிடலாம் என்றார்.

ஷமீமா அவரைச் சங்கடத்தோடு பார்த்தாள்.

“திரும்பி வரல சார்” என்றாள். “அது போகவே இல்லை.”